வீட்டு ருசிக்கு யார் சம்பளம் கொடுப்பது?

சின்னச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதும் நண்பர்கள் எல்லாரிடமும் ஒரு வாக்கியம் கைவசம் இருக்கிறது: 'வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு.' ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கால், அலோர் காஜா என்று மலாக்காவில் எந்த ஊர்க் கடையானாலும் இதே பாராட்டுதான். இந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். அங்கே வீட்டு ருசி எப்படி வருகிறது? வீட்டில் சம்பளம் இல்லாமல் சமைக்கிற அதே பெண், கடையிலும் சம்பளம் இல்லாமல் சமைக்கிறார். ரகசியம் அவ்வளவுதான்.

கடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கல்லாவில் அண்ணன். தே தாரிக் ஆற்றுவார், வருகிறவர்களிடம் அரசியல் பேசுவார். அக்கா பின்கட்டில். விடியுமுன் எழுந்து பசியாற வருகிறவர்களுக்குச் சம்பலும் சாம்பாரும் வைத்தாக வேண்டும். பதினொரு மணிக்குள் சோறு, கறி, ரசம், மூன்று காய் தயார். கூட்டம் கலைந்த பிறகு பெரிய சட்டிகள் அவருக்காகக் காத்திருக்கும். பள்ளி விட்டு வந்த மகள் மேசை துடைப்பாள். இவர்களில் 'முதலாளி' என்று நாம் கூப்பிடுவது ஒரே ஒருவரைத்தான்.

"குடும்பக் கடைதானே, லாபம் வந்தா அவங்களுக்கும்தானே?" என்பீர்கள். சரி, லைசன்ஸ் யார் பேரில்? வங்கிக் கணக்கு? ஈ.பி.எஃப்.பில் யார் பேருக்குக் காசு ஏறுது?

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருந்தவர்களுக்கு ஆகஸ்ட் வரை அவகாசம் கிடைத்தது. சின்னக் கடைக்காரர்கள் பதறியதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அக்காவுக்கு ஒப்பந்தமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. அதனால் அந்தப் பதற்றத்தில் அவர் ஒரு செலவாகக்கூட வரவில்லை. 2018இல் மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், அடுத்த ஜனவரியிலிருந்து உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று சொல்லி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார். சமையலுக்கு ஆள் எங்கே என்று பெரிய கடைகள் அலறின. இந்தக் கடைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. அக்கா இருந்தார்.

சட்டமும் லேசுப்பட்டதில்லை. கணவரின் கடையில் வேலை செய்யும் மனைவியைப் பெர்கேசோவில் பதிய 2018 ஜூலையில்தான் வழி பிறந்தது. அதுவரை கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டினாலும் அது வேலையிட விபத்துக் கணக்கில் சேராது. இப்போது பதியலாம். பதிந்தீர்களா என்று நான் கேட்ட இடங்களில் அண்ணன்மார் சிரித்தார்கள்.

நம் எழுத்தாளர்களுக்கு வருகிறேன். தோட்டத்தை எழுத உட்கார்ந்தால் பெரட்டுக் களத்தை விடமாட்டோம். இருட்டில் வரிசையாக நிற்கும் பெண்கள், கங்காணியின் ஏச்சு, பால் வாளி. ரப்பர் தோட்டத்தைப் புகழ எனக்கு ஒன்றுமில்லை. அந்தச் சம்பளம் எவ்வளவு அற்பம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் செக்ரோலில் அவளுக்கென்று ஒரு வரி இருந்தது. வேலைக்கு வந்தாளா இல்லையா என்று யாரோ ஒருவன் குறித்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு சனங்கள் தாமானுக்கு வந்தார்கள். அவள் மகள் இன்று கடையின் பின்கட்டில் நிற்கிறாள். அவள் பேர் எந்த ஏட்டிலும் இல்லை. வெள்ளைக்காரன் தோட்டத்தில் கிடைத்த அந்த ஒரு வரி நம் குடும்பக் கடையில் கிடைக்கவில்லை என்பதை எந்தச் சிறுகதையில் வைப்பீர்கள்?

2024 டிசம்பரில் மலேசியர்களின் பசியாறும் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் உலகச் சொத்தாகிவிட்டன. நமக்கும் பெருமை தாங்கவில்லை. அதே நாம், இலைச் சாப்பாட்டுக்கு இரண்டு வெள்ளி ஏற்றினால் 'கொள்ளை' என்று எழுதுகிறோம். திங்கட்கிழமை கடை மூடியிருந்தால் 'இவங்களுக்கும் திமிரு வந்திருச்சு' என்கிறோம். அப்படி எழுதியவர்களில் அம்மாவைப் பற்றி உருகி உருகிக் கவிதை எழுதுகிறவரும் உண்டு.

அடுத்த முறை கடை விமர்சனம் எழுதுவதற்கு முன்னால் பின்கட்டுக்குப் போங்கள். சமைத்தவர் பேரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அந்தப் பேரையும் போடுங்கள். வாரத்தில் எந்த நாள் லீவு, கையில் மாசம் எவ்வளவு வருது என்றும் கேளுங்கள். அண்ணன் கல்லாவிலிருந்து முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.