புஷ்ஷுக்கு டீசல் அடிக்காதீங்கய்யா!

தலைப்பைப் பார்த்துவிட்டு அமெரிக்காவின் பழைய அதிபரைத் திட்டப்போகிறேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது காருக்கு அடியில் இருக்கும் புஷ். சஸ்பென்ஷன் புஷ். ரெண்டு இரும்புக் குழாய், ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் ரப்பர். அவ்வளவுதான் சாமான். பழைய மெக்கானிக்குகள் "சைலண்ட் பிளாக்" என்பார்கள். விலை சில நூறு ரூபாய். இதுக்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்டால், ஆமாம், பதிவுதான். அதுவும் கொஞ்சம் கோபமாக.

நமக்கு ஊர் தென்காசி. எங்கள் தெருவில் மட்டும் மூன்று மாருதி 800, ஒரு அம்பாசடர். எங்கள் வீட்டில் இருப்பது 2003 மாடல் 800. ரெண்டு வண்டியும் 2014-லேயே உற்பத்தி நின்றுபோனவை. ஆக எதை எடுத்தாலும் பத்து வயசுக்கு மேல்தான். இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வியாதி உண்டு. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கினாலே முன்பக்கம் "தட்" என்று ஒரு சத்தம். பிரேக் போட்டால் இன்னொரு "தட்". மெக்கானிக்கிடம் சொன்னால் பதில் ரெடியாக இருக்கும்: "ரோடு அப்படி, அண்ணாச்சி."

ரோடு அப்படித்தான். நான் மறுக்கவில்லை. திருநெல்வேலி ரோட்டை நாலு வழியாக்குகிறோம் என்று தோண்டிப்போட்ட காலத்தில் அதில் போய் வந்தவர்களுக்கு இடுப்பே கழன்றிருக்கும். ஆனால் அதே ரோட்டில் போகிற புது வண்டியில் அந்தச் சத்தம் வரவில்லையே? ரோடு காரணம் என்றால் எல்லா வண்டியும் அல்லவா கத்த வேண்டும்?

சரி, மேட்டருக்கு வருவோம். சத்தம் வந்ததும் நம் ஊரில் நடக்கும் முதல் வைத்தியம், வாட்டர் சர்வீஸ். வண்டியைத் தூக்கி, அடியில் தண்ணீர் பீய்ச்சி, கடைசியில் "ஆயில் ஸ்பிரே அடிச்சிரவா?" என்று ஒரு கேள்வி. அடிப்பது டீசல், இல்லையென்றால் டீசலில் கலக்கிய கழிவு ஆயில். துரு பிடிக்காதாம், கீச்சு கீச்சு சத்தம் நிற்குமாம். சத்தம் நிற்கும்தான், ஒரு வாரத்துக்கு. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து சாரல் விழ ஆரம்பித்தால் போதும், "மழைக்காலம் சார், அடியில துரு ஏறிரும்" என்று இந்த ஸ்பிரே வியாபாரம் களை கட்டிவிடும்.

புஷ்ஷில் இருப்பது பெரும்பாலும் இயற்கை ரப்பர். மரத்தில் பால் வடித்து எடுப்பதேதான். ஆரியங்காவு தாண்டி தென்மலை, புனலூர் என்று இறங்கிப்போனால் ரெண்டு பக்கமும் நிற்கிறதே, அந்த மரம். (1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க புனலூரில் அரசாங்கமே ரப்பர் தோட்டம் போட்டது. அதைப் பற்றித் தனியாக எழுத ஆசை, பார்க்கலாம்.) லட்சக்கணக்கான தடவை முறுக்கி முறுக்கி விட்டாலும் சீக்கிரம் கிழியாது என்பதால்தான் இந்த வேலைக்கு இயற்கை ரப்பரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஆகாதது பெட்ரோலிய எண்ணெய். டீசலையோ இன்ஜின் ஆயிலையோ குடித்தால் உப்பும், கொழகொழக்கும், வலுப் போய்விடும். அதனால்தான் ஆயில் படுகிற இடத்தில் போடும் சீல்களை வேறு வகை ரப்பரில் செய்கிறார்கள்.

நம்பிக்கை இல்லையா? ஹாஸ்டலில் இருக்கும் நண்பர்கள் இன்றைக்கே ஒரு சாதா ரப்பர் பேண்டை மூடியில் கொஞ்சம் டீசல் ஊற்றிப் போட்டு வையுங்கள். காலையில் எடுத்துப் பக்கத்தில் ஒரு புது ரப்பர் பேண்டை வைத்துப் பாருங்கள். பெரிசாகியிருக்கும். இழுத்துப் பாருங்கள். மீதியை நான் சொல்லத் தேவையில்லை :-)

அதாவது, சத்தத்தை நிறுத்தக் காசு கொடுத்து, சத்தம் போடுகிற பொருளையே சீக்கிரம் கொல்கிறோம்.

இன்னொரு விஷயம். ரப்பர் வைத்த புஷ்ஷுக்கு எண்ணெயே தேவையில்லை. அதில் எதுவும் உரசிச் சுற்றவில்லை. உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும், வெளிக்குழாய் ஆர்மில் இறுகியிருக்கும், நடுவில் ரப்பர் மட்டும் முறுகி முறுகி விடுகிறது. கீச் சத்தம் எங்கிருந்து என்று தெரிய வேண்டுமென்றால் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். சத்தம் அடங்கினால் ஆள் அவன்தான். மாற்றிவிடுங்கள்.

ரெண்டாவது வைத்தியம் ஷாக் அப்சார்பர். கொஞ்சம் காசு பார்க்கிற வைத்தியம். எங்கள் வண்டிக்கே அது நடந்தது. கடை பெயர் வேண்டாம். புதுசு ரெண்டு போட்டு, பில் வாங்கி, கடை வாசல் தாண்டுவதற்குள் அதே "தட்". அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். புஷ்ஷைப் பரிசோதிக்க என்ன வேண்டும்? ஒரு டார்ச், ஒரு நீளமான கம்பி. ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் கம்பியை விட்டு நெம்பினால், ரப்பர் கிழிந்திருந்தாலும் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தாலும் கண்ணுக்கே தெரியும். அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சு நிமிஷத்தை யாரும் செலவழிக்கவில்லை.

மூன்றாவது, வீல் அலைன்மென்ட். டயர் உள்பக்கம் தேய்கிறது, உடனே அலைன்மென்ட். ஆறு மாசத்தில் மறுபடி தேய்கிறது, மறுபடி அலைன்மென்ட். நிற்கிற வண்டியில் எடுக்கிற அளவு அது. புஷ் கிழிந்த வண்டி நிற்கும்போது ஒரு அளவு காட்டும், பிரேக் போடும்போது சக்கரம் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆடுகிற நாற்காலியில் உட்கார வைத்து உயரம் அளந்த கதை. முதலில் புஷ், அப்புறம் அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றினால் காசு டயர் கடைக்குத்தான்.

"சத்தம்தானே, போகட்டும்" என்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 800-இல் முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடிப்பது லோயர் ஆர்ம். முன்னும் பின்னும் அசையாமல் பிடிப்பது யார் தெரியுமா? அதே ஸ்டெபிலைசர் பார்தான். அதன் நுனியில், ஆர்மோடு சேருகிற இடத்தில், ரப்பர் புஷ். அது போய்விட்டால் பிரேக் போட்டதும் சக்கரம் பின்னால் தள்ளும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். தென்காசி பஜாரில் இருபதில் போகும்போது தெரியாது. புளியரை தாண்டி எஸ் வளைவில், எதிரே கேரளாவுக்கு லோடு இறக்கிவிட்டு டாரஸ் லாரி இறங்கி வருகிறது, மழை வேறு, அப்போது பிரேக்கை மிதித்து வண்டி வலது பக்கம் இழுத்தால்? சீசனில் குடும்பத்தோடு ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்றுகிற வண்டிகளில் எத்தனை இந்த நிலையில் இருக்குமோ. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

"எங்க வண்டி அதிகம் ஓடவே இல்லை, புஷ் எப்படிப் போகும்?" என்று ஒரு கேள்வி வரும். ரப்பருக்கு கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயசும் கணக்கு. சும்மா ஷெட்டில் நின்றாலும் காற்றுப் பட்டே வெடிப்பு விடும்.

வகுப்பு நண்பர்கள் சொல்வது வேறு: "மச்சி, அந்த டப்பாவை வித்துத் தொலைக்க வேண்டியதுதானே?" விற்று? பதினைந்து வயசு தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். இருபது வயசு தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000. பழசை ஒழிக்க வேண்டும் என்பது கொள்கை. புகை விஷயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் புது வண்டியின் மாசத் தவணை யார் கட்டுவது? கட்டண உயர்வைத் திட்டிக்கொண்டே 5,000 கட்டிய அப்பாக்கள், சில நூறு ரூபாய் ரப்பரைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. அதுக்கு முந்தின வாரம் பெயிண்ட் டச்சப் மட்டும் மறக்காமல் நடக்கும்!

கடைசியாக, மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு. நல்ல புஷ் வாங்கியும் சிலருக்கு ஒரு வருஷத்தில் கிழிந்துவிடும். "டூப்ளிகேட் சாமான்" என்று கடைக்காரர் மேல் பழி விழும். பல சமயம் குற்றம் இறுக்கியதில். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். உள்குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுகும். அப்புறம் வண்டி சும்மா நிற்கும்போதும் முறுகியபடியேதான் நிற்கும். கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டை விரலால் ஏற்றிவிட்டு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. பிட் இல்லாத பட்டறையில் முன் சக்கரம் ரெண்டையும் கனமான மரக்கட்டை மேல் ஏற்றி நிறுத்தினால் அடியில் ஸ்பேனர் போடலாம். பத்து நிமிஷம் கூடுதல். கேட்டால் "இருபது வருஷமா இப்படித்தான் செய்றோம், தம்பி" என்பார்கள். பக்கத்திலேயே நின்று கேளுங்கள், பரவாயில்லை.

புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றவும் விடாதீர்கள். லேத் பட்டறையில் பிரஸ் இருக்கும், அதுவும் வெளிக்குழாயில் மட்டும் அழுத்த வேண்டும். ஒரு பக்கம் போயிருந்தாலும் ரெண்டு பக்கமும் மாற்றுங்கள். பால் ஜாயிண்டும் ஆடுகிறது என்றால் ஆர்மையே செட்டாக மாற்றச் சொல்லும் மெக்கானிக் உங்களை ஏமாற்றவில்லை, அது சரிதான். பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று மெயிலில் ஒருவர் கேட்டிருந்தார். ரேஸுக்கா போகிறீர்கள்? வீட்டு வண்டிக்கு ரப்பரே போதும். மற்றது கல்லு மாதிரி இருக்கும், அதிர்வெல்லாம் சீட்டுக்கு வரும்.

அம்பாசடர்காரர்கள் கோபிக்க வேண்டாம். பின்பக்கப் பட்டை ஸ்ப்ரிங், ஷேக்கிள் புஷ் எல்லாம் அடுத்த பதிவில். அதுவரைக்கும் வாட்டர் சர்வீஸ் போனால் "அடியில ஆயில் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.