பொத்தானில் கமகம் வருமா?

ஆர்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் ஒதுக்கி வைத்ததும், 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்ததும் சங்கீத ரசிகர்கள் அறிந்த செய்தி. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து செல்ல அதற்குத் தெரியாது என்பது அதன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. கட்டையை அழுத்தினால் ஒலி உண்டு, எடுத்தால் இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. அதே வழக்கு இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் மேசையில் நடக்கிறது.

பழைய வீடியோ விளையாட்டுகளை எமுலேட்டர் என்ற மென்பொருளின் உதவியோடு கம்ப்யூட்டரில் ஆடுகிறார்கள். 1996-ல் வந்த நிண்டெண்டோ 64 கருவியில் கட்டைவிரலால் தள்ளும் குச்சி ஒன்று இருந்தது. அதற்கு அனலாக் ஸ்டிக் என்று பெயர். 'சூப்பர் மரியோ 64' விளையாட்டில் அதை லேசாகத் தள்ளினால் மரியோ பூனைநடை போடுவார், முழுக்கத் தள்ளினால் ஓடுவார். தூங்கும் செடியின் அருகே பூனைநடை போட்டால்தான் அது விழிக்காது. கீபோர்டில் அம்புக்குறியை அழுத்தினாலோ ஓட்டம் மட்டுமே. குச்சி எந்தக் கோணத்திலும் சாயும். நான்கு விசைகளைக் கொண்டு எட்டுத் திசைகள்தான் போகலாம்.

"கீபோர்டில் ஆடுவது வீண், தனியாகக் கைப்பிடி வாங்குங்கள்" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதல் காரணம், இதற்கு வழி இருக்கிறது. டால்பின் எமுலேட்டரில் 'மாடிஃபையர்' என்று ஒரு விசையை வைத்துக்கொள்ளலாம். அதைப் பிடித்துக்கொண்டு திசை விசையை அழுத்தினால் குச்சியைப் பாதி தள்ளியதாகக் கணக்கு. அந்த அளவையும் நாமே மாற்றலாம். மின்கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்கள் இடது கையால் பிட்ச் சக்கரத்தைத் திருப்பிக் கமகம் கொண்டுவருவதும் இதே உத்திதான். கட்டைக்குத் தெரியாததை இன்னொரு கை சொல்லித் தருகிறது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. மேல், வலம் இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது, 100 அளவில் நிற்க வேண்டிய தள்ளல், எமுலேட்டர் குறைத்துக் கணக்கிடாவிட்டால் 141 ஆகிவிடும். உண்மையான குச்சியை அதன் விளிம்பு தடுத்துவிடும். விசைக்கு விளிம்பு ஏது? மேலும், விலை குறைந்த கீபோர்டுகள் சிலவற்றில் மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் ஒன்று பதிவாகாது. மாடிஃபையரை கண்ட்ரோல் விசைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. எல்லாக் கட்டைவிரலும் குச்சியை அளந்து தள்ள வல்லதல்ல. நடுக்கம் உள்ள கை, ஒற்றைக் கை, விரல் மடங்காத கை எல்லாம் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு விசை என்பது மட்டமான மாற்று அல்ல, அதுவே வாசல். 2018-ல் மைக்ரோசாஃப்ட் இரண்டு பெரிய பொத்தான்களும், வெளியிலிருந்து பல விசைகளை இணைக்கும் வசதியும் கொண்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரை வெளியிட்டது இதை உணர்ந்துதான். முழங்கையாலும் காலாலும்கூட அதில் ஆடலாம்.

கார்ப் பந்தயத்தில் சக்கரத்தை மயிரிழை திருப்புவதுபோன்ற வேலைக்குக் குச்சியே மேல் என்பதை மறுக்கவில்லை. வாங்க வசதியும், ஆடக் கையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது இல்லாதவனை "உனக்கு இந்த ஆட்டம் கிடையாது" என்று ஒதுக்குவது முறையல்ல.

எமுலேட்டர் எழுதுவோர் இந்தப் பாதித் தள்ளலை அமைப்புகளின் அடியில் ஒளித்து வைக்காமல், முதல் நாளே விசையில் பொருத்தித் தர வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கைப்பிடி கேட்டால் பணத்தை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் அருகில் உட்கார்ந்து விசைகளை அமைத்துப் பாருங்கள். அவன் கைக்கு எது எளிது என்பதை அவனிடமே கேளுங்கள். நம் சங்கங்களில் குழந்தைகளுக்கென்று கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் அதில் இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தால், ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளையும் ஆட்டத்துக்கு வருவான்.