வீட்டுப் பீரும் வியாபாரப் பெயரும்

மதுவின் பெருமையைப் பேச நாம் இன்று எழுதுகோல் எடுக்கவில்லை. மதுவிலக்கை நாடி ராஜாங்கம் முயலவேண்டுமென்று நமது அரசியல் சட்டத்தின் 47-ஆவது ஷரத்து விதிக்கிறது. அவ்விஷயத்தில் நமக்கு மாறுபட்ட அபிப்பிராயம் கிடையாது. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடுக்களையிற் காய்ச்சிய பீர் கடைத்தெருவுக்கு வந்த வரலாற்றில், சிறு கைத்தொழில் நடத்துவோர் யாவரும் அறியத்தக்க பாடம் ஒன்று உண்டு. பண்டத்தை ஒருபுறம் வைத்து, வியாபார முறையை மட்டும் இங்கு ஆராய்வோம்.

அந்நாட்டில் 1920-இல் அமலுக்கு வந்த மதுவிலக்கு 1933-இல் நீங்கிற்று. வீட்டில் திராக்ஷ மது செய்துகொள்ள இடங்கொடுத்த சட்டம் பீரை விட்டுவிட்டது. 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட மசோதாவே அக்குறையைத் தீர்த்தது. வயது வந்தோர் இருவருள்ள குடும்பம் ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றிக் காய்ச்சலாம். ஆனால் ஒரு புட்டியும் விற்கலாகாது. விற்க விரும்புவோன் சர்க்கார் அனுமதி பெறவேண்டும். புட்டியில் ஒட்டும் சீட்டுக்கும் அங்கீகாரம் வாங்கவேண்டும். பெரும்பாலும் மொத்த வியாபாரியின் வழியாகவே கடைக்குச் சரக்கைச் சேர்க்கவேண்டும்.

இத்தனை தடைகளுக்கும் நடுவே சிறியவன் எங்ஙனம் தலையெடுத்தான்? பெயரினாலே என்க. 1984-இல் பாஸ்டன் நகரத்து ஜிம் கோச் என்பவர், தம் பாட்டனாருக்குப் பாட்டனார் விட்டுச்சென்ற பக்குவப்படி வீட்டு அடுப்பில் பீர் காய்ச்சினார். அதற்கு அவர் இட்ட பெயர் சாமுவேல் ஆடம்ஸ்; அமெரிக்க சுதந்தரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட தேசபக்தரின் திருநாமம். 1985-இல், அந்நகரத்தார் தேசபக்தர் தினம் கொண்டாடும் ஏப்ரல் மாதத்திலேயே விற்பனை தொடங்கிற்று. விளம்பரத்துக்குப் பணமில்லை, கைப்பெட்டியில் புட்டிகளை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். சொந்த ஆலையும் இல்லை. பிட்ஸ்பர்க் நகரத்து ஆலையொன்றில் ஒப்பந்தப்படி காய்ச்சுவித்தார். பாஸ்டன் என்று பெயர், பிட்ஸ்பர்க்கில் உற்பத்தி! இது முறையா என்று போட்டியாளர் பின்னர்க் கேட்டதில் வியப்பென்ன?

சட்டமறிந்தவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சீட்டுக்குக் கிடைக்கும் அங்கீகாரம் பெயருக்கு உரிமை ஆகாது. முதலில் வியாபாரத்தில் வழங்கி, வியாபாரக் குறியாகப் பதிந்துகொண்டவனுக்கே பாதுகாப்பு உறுதிப்படும். இதில் வரம்பு மீறினாலும் கெடுதியே. 1993-இல் அடுக்களையிலிருந்து புறப்பட்ட லகுனிடாஸ் கம்பெனி, தன் சீட்டிலுள்ள மூன்றெழுத்தின் வடிவத்தை சியரா நெவாடா கம்பெனி ஒத்தெழுதிற்றென்று 2015-இல் வழக்குத் தொடுத்தது. வாடிக்கைக்காரரே கண்டிக்கவே, உடனே வழக்கை வாபஸ் வாங்கிற்று. ஜனங்களின் நல்லெண்ணத்தாலன்றோ அப்பெயருக்கு மதிப்பு!

அந்நல்லெண்ணமே இப்போது விலைபோகிறது. சிக்காகோவின் கூஸ் ஐலண்டு கம்பெனியை 2011-இல் 3 கோடியே 88 லக்ஷம் டாலருக்குப் பெருங்கம்பெனி வாங்கிற்று. லகுனிடாஸில் 2015-இல் பாதியையும் 2017-இல் மீதியையும் டச்சு ஹைனிகன் கைக்கொண்டது. பழைய பெயரும் சித்திரமும் அப்படியே நிற்க, உடைமை மட்டும் கைமாறியது. புட்டியைக் கையிலெடுப்பவன் ஊர்க்காரனுக்கே காசு கொடுப்பதாக நம்புகிறான். லாபமோ வேறிடம் சேர்கிறது. இதனைத் தடுக்கவே, சிறு உற்பத்தியாளர் சங்கத்தார் 2017-இல் தலைகீழான புட்டி வடிவில் சுயேச்சை முத்திரை ஒன்றை ஏற்படுத்தினர். அதுவும் சட்டமன்று, வேண்டுவோர் ஒட்டிக்கொள்ளும் அடையாளமே.

நமது கருத்து இது. சீட்டில் ஊர்ப்பெயரும் வீரர் பெயரும் பொறிப்பவர், அதனை உண்மையில் ஆக்கியவர் யார், ஆக்கிய இடம் எது, உடையவர் யார் என்பதையும் தெளிவாகக் கூறக் கடமைப்பட்டவர். கம்பெனியின் பத்திரம் கைமாறும்போது ஜனங்களின் நம்பிக்கையும் சொல்லாமல் கைமாறுவது வியாபாரமன்று, வஞ்சனை. எண்ணெயாயினும் துணியாயினும், சுதேசிப் பண்டம் செய்வோர் தம் பெயரை இன்றே பதிவு செய்துகொள்க. பிறகு அதனை விற்குமுன் இருமுறை சிந்திக்க. தரத்தால் சம்பாதித்த பெயரை ஒருமுறை விற்றால், பெற்ற பணத்தைக் கொண்டு அதனை மீட்க இயலாது.