முன்பதிவுச் சாளரத்திலிருந்து: யார் முதலில்?

சென்ற மார்கழியில் நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் நமது சாளரத்துக்கு வந்தார். ஊரில் தாயாருக்கு உடல்நலமில்லை. மறுநாள் நாகர்கோவில் வண்டியில் இரண்டு படுக்கைகள் வேண்டும். விடியுமுன் வந்து வரிசையில் முதல்வராக நின்றார். பதினொரு மணிக்குத் தத்கால் திறந்ததும் விவரங்களைத் தட்டினோம். காத்திருப்போர் பட்டியலே வந்தது.

“தம்பி, நீங்களும் நம்மவர்தானே, கொஞ்சம் மனம் வைக்கக்கூடாதா?” என்றார். பின்னால் நின்றோர் அவசரப்படுத்தினர். மறுமொழி கூற இயலவில்லை. அதனை இத்திங்கள் கூறுகிறோம்.

கணிப்பொறி முன்பதிவு 1985-இல் புதுதில்லியில் தொடங்கிற்று. பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் மையங்கள் அமைந்தன. 1999-இல் இவ்வைந்தும் ஒரே வலையாக இணைக்கப்பெற்றன. கணிப்பொறி வருமுன், வெளியூரிலிருந்து திரும்பும் பயணத்துக்கு இடம்பெறத் தந்தியை நம்பியிருந்த காலத்தைப் பெரியோர் அறிவர்.

இம்முறையின் நுட்பம் இதுவே. எல்லா வண்டிகளின் ஏடுகளையும் ஒரே பொறியில் வைத்தால் அது திணறும். ஒரே ஏட்டை ஐந்து இடங்களில் தனித்தனியே எழுதினாலோ ஒரே படுக்கை இருவருக்கு விற்றுப்போகும். ஆகவே வேலையைப் பங்கிட்டனர்; ஆனால் ஒரு வண்டியின் ஏட்டை ஒரு மையத்திலேயே வைத்தனர். எந்த ஊர்ச் சாளரத்தில் கேட்டாலும் அக்கேள்வி அந்த மையத்தையே நாடும். அங்கே வந்த முறைப்படி வரிசையில் நிற்கும். ஒருவருக்குப் படுக்கை ஒதுக்கும் கணத்தில் அது பூட்டப்படும், அடுத்தவர் காத்திருப்பார். நாள்முடிவுக் கணக்கு போன்ற பெரும் பணிகளுக்கென, நள்ளிரவை ஒட்டிச் சிறிது நேரம் முன்பதிவையே நிறுத்திவைப்பர்.

நம் சாளரத்தில் முதல்வராக நின்றவர் பொறியின் வரிசையிலும் முதல்வராக இருப்பார் என்பதில்லை. நாடெங்குமுள்ள சாளரங்களோடு, 2002 முதல் இணையவழிக் கேள்விகளும் வந்து சேர்கின்றன. அவ்வரிசையில் ஒருவரை முன்னே தள்ளும் விசை எழுத்தரிடம் இல்லை. இல்லாதிருப்பதும் நன்றே, இருந்தால் நம்மவரினும் செல்வாக்குடையோர் அதனை இழுத்திருப்பர்.

எனினும் நம்மிடமும் ஒரு குறை உண்டு. அன்பரின் படிவத்தில் ஒரு வண்டியே எழுதியிருந்தது. “வேறு வண்டி பார்க்கலாமா?” என்று நாம் முன்னதாகவே கேட்டிருக்க வேண்டும்; கேட்கவில்லை. அவர் தாமே மறுநாள் முயன்று, சென்னை வண்டியில் இடம்பெற்று, அங்கிருந்து வண்டி மாறி ஊர் சேர்ந்தார். தாயாரைக் கண்டார். ஒரு நாள் வீணாயிற்று. அது நம் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆதலின் அன்பர்களே, படிவத்தில் பெயர், வயது, வண்டி எண் யாவும் தெளிவாக எழுதி வாருங்கள். இரண்டாவது வண்டியொன்றையும் குறித்து வையுங்கள். எழுத்தர் கேட்க மறந்தாலும் நீங்கள் மறவாதீர்கள்.