தூரிகையும் துயர மகளிரும்

17ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் பரோக் என்னும் ஓவிய மரபு ஓங்கி விளங்கியது. ஒளியையும் இருளையும் எதிரெதிர் நிறுத்தி, உணர்ச்சி பொங்கும் கணத்தைத் தீட்டுவது அம்மரபின் இயல்பு. ஆதலின், பண்டை வரலாற்றில் துன்புற்று மாண்ட மகளிர் அவ்வோவியர்க்கு உவப்பான பொருளாயினர். அம்மகளிர்க்கு அவ்வோவியங்கள் நீதி செய்தனவா? பெரும்பாலானவை செய்யவில்லை என்றே சொல்லவேண்டும்.

எகிப்தை ஆண்ட கிளியோபாத்திராவை எண்ணிப் பாருங்கள். கி. மு. 51 முதல் 30 வரை அரசு புரிந்தவள் அவள். பல மொழி அறிந்தவள். தன் மரபில் எகிப்தியர் மொழியைக் கற்ற முதல் வேந்தும் அவளே என்பர். இத்தாலிய ஓவியர் குயிதோ ரேனி தீட்டிய படங்களிலோ நாம் காண்பவை வெளிறிய மேனி, வானோக்கிய விழிகள், மார்பருகே ஒரு சிறு பாம்பு. அழகு உண்டு, அரசி இல்லை. பாம்பு தீண்டித்தான் அவள் இறந்தாளா என்பதைப் புளூட்டார்க்கே உறுதியாகக் கூறவில்லை. ஓவியர்க்கோ ஐயமே எழவில்லை. பாம்பு எழிலாக வளைகின்றதன்றோ!

ஓவியத்துள் அடங்குவது ஒரு கணமே. வாழ்வு முழுவதையும் அதனுள் எங்ஙனம் காட்டுவது என்று சிலர் வினவலாம். ஆலந்து நாட்டு ரெம்பிராண்டுக்கும் வாய்த்தது ஒரு கணமே.

உரோம் நகரத்து லுக்ரீசியா அரசன் மகனால் கொடுமைக்கு உள்ளானவள். குற்றம் அவளுடையதன்று எனத் தந்தையும் கணவனும் தேற்றியும் தேறாது தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள் என்பது பழங்கதை. சினந்தெழுந்த மக்கள் மன்னராட்சியையே ஒழித்தனர், அது கி. மு. 509 என்பது மரபு. இவளை ரெம்பிராண்டு 1664இல் ஒருமுறையும் 1666இல் மறுமுறையும் தீட்டினார். முன்னதில் அவள் கையில் கத்தி இருக்கிறது. செயல் இன்னும் நிகழவில்லை. பின்னது இப்பொழுது அமெரிக்காவின் மினியாபொலிசு நகரில் உள்ளது. அதில் செயல் முடிந்துவிட்டது. வெண்ணிற ஆடையில் குருதி பரவுகிறது. எனினும் நம் கண் அங்கே நிற்பதில்லை, முகத்திற்கே செல்கிறது. நீர் ததும்பும் அவ்விழிகள் வானை நோக்கவில்லை. நம் இரக்கத்தையும் வேண்டவில்லை. தனக்கு நேர்ந்ததைத் தானே எண்ணிப் பார்க்கும் ஒருத்தியின் முகம் அது. வலக்கை கத்தியைத் தாழ்த்தியிருக்கிறது. இடக்கையோ அருகில் தொங்கும் ஒரு கயிற்றை இறுகப் பற்றியிருக்கிறது. வீட்டாரை அழைக்கும் மணியின் கயிறு அது என்பர் சிலர். அந்தப் பிடி இன்னும் தளரவில்லை.