கண்மாய்த் தண்ணீரை மறிப்பது யார்?

புதுக்கோட்டை ஜில்லாவுக்கு ஜீவநதி எதுவுமில்லை. காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியே ஒரு பகுதியை மட்டும் தொடுகிறது. மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. அதனால்தான் நம் முன்னோர்கள் சுமார் 5,000 கண்மாய்களை வெட்டி வைத்தார்கள். மேட்டுக் காட்டில் பெய்யும் மழை வரத்து வாரியில் இறங்கும். ஒரு கண்மாய் நிறைந்து கழுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். அந்த மேட்டுக் காடு இன்று யார் கையில் இருக்கிறது?

அதில் பெரும்பரப்பு, 1974-ல் சர்க்கார் அமைத்த தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் கையில் இருக்கிறது. (நம் ஜில்லா பிறந்ததும் அதே ஆண்டுதான்.) வரிசை வரிசையாகத் தைலமரம். ஆறேழு ஆண்டில் வெட்டிக் காகித ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும், மறுபடி வெட்டலாம்.

தைலமரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பெரிய வாதம் நடக்கிறது. ஒரு கிலோ மரத்துக்குக் கணக்குப் போட்டால் பல மரங்களைவிடக் குறைவு என்கிறார்கள் அதிகாரிகள். இருக்கட்டும். ஆனால் விரைவாக வளரும் மரம் எத்தனை கிலோ வளர்கிறது என்பதை யார் கணக்கிடுவது? பக்கத்துக் கர்நாடகம் புதிதாகத் தைலமரம் நடுவதை 2017-ல் தடை செய்தது சும்மாவா?

அந்த வாதத்தை ஒதுக்கி வைத்தாலும், கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை ஒதுக்க முடியாது. தைலமரக் காட்டுக்குள் மண்ணை வெட்டி வரப்பாக அணைத்து, பெய்த மழை வெளியே போகாமல் மறிக்கிறார்கள் என்று நம் விவசாயிகள் ஆண்டாண்டாக முறையிடுகிறார்கள். கேட்டால் இது மண்வளப் பாதுகாப்பாம், நீர்ச் சேமிப்பாம்! யாருக்குச் சேமிப்பு? வேலிக்கு உள்ளே இருக்கும் மரத்துக்குச் சேமிப்பு. வேலிக்குக் கீழே இருக்கும் கண்மாய்க்குக் கொள்ளை.

தோட்டக்காரன் மண்ணை எப்படிக் காப்பான் என்பது தமிழ்த் தொழிலாளிக்குப் புதிதல்ல. மலேயா ரப்பர் தோட்டங்களில் ஆரம்ப காலத்தில் ஒரு புல் நிற்கக் கூடாது என்று துரைமார்கள் உத்தரவு போட்டார்கள். வெயிலில் குனிந்து களை கொத்தியவர்கள் நம்மவர்கள். மேல்மண் அரித்து ஆற்றுக்குப் போயிற்று. ரப்பருக்கே நஷ்டம் என்று தெரிந்த பிறகுதான் மரங்களுக்கு நடுவே பயறு வகைக் கொடிகளைப் பரப்பினார்கள். தனக்கு லாபம் உள்ளமட்டும் காவல், அதற்கு மேல் இல்லை. முதலாளியின் இந்தக் கணக்கைச் சர்க்கார் கழகமும் போடலாமா?

‘தைலமரத்தால் கூலி வேலை கிடைக்கிறதே’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கன்னியாகுமரி ஜில்லாவில் கீரிப்பாறை, மணலோடை பக்கம் அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே கூலிக்குப் போராட வேண்டியிருக்கிறது, வாஸ்தவம். ஆனாலும் பால் வெட்டச் சீசனில் ஆள் வேண்டும். தைலமரத்துக்குக் குழி வெட்ட ஒரு தடவை, மரம் வெட்டிப் பட்டை உரிக்க ஆறேழு வருஷத்துக்கு ஒரு தடவை. கண்மாய் நிறைந்தால் ஆயக்கட்டில் நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு என்று ஒவ்வொரு வருஷமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை. எது பெரிது?

கண்மாய் வற்றினால் முதலில் ஊரை விடுகிறவன் நிலமில்லாதவன்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் நிற்கும் தோழர்கள், தங்களில் எத்தனை பேர் தரிசாகிப் போன ஆயக்கட்டிலிருந்து வந்தவர்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்கட்டும். ஊரில் நின்ற பெண்களோ நூறு நாள் வேலையில் வரத்து வாரியைத் தூர் எடுத்தார்கள். மேலே மறித்த வாரியில் கீழே தூர் எடுத்து என்ன பயன்?

காவிரியைக் குண்டாறு வரை கொண்டு போகிறோம் என்று 2021 பிப்ரவரியில் இதே ஜில்லாவில் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். ரூ. 14,400 கோடித் திட்டம். வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் நம் தலைக்கு மேல் பெய்கிற மழையை இறக்கிவிடக் கோடிகள் தேவையில்லை, மண்வெட்டி போதும்.

காகிதம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையும் காகிதத்தில்தான் அச்சாகிறது. வரத்து வாரிகளின் குறுக்கே உள்ள வரப்புகளை ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டிவிட வேண்டும். கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் வெட்டிய தைலமரத்தை மறுபடி துளிர்க்க விடாமல், ஊராரைக் கலந்து நாட்டு மரங்களை நட வேண்டும், அந்த வேலையை உள்ளூர் விவசாயத் தொழிலாளர்களுக்கே கொடுக்க வேண்டும். அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரும் தன் வாரி எந்த இடத்தில் மறிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு வரட்டும்.