விண்ணப்பத்துக்கு முந்தைய ஆண்டுகள்

வீட்டுக்கடன் நாடி எம் வங்கிக் கிளைகளுக்கு வருவோரில் பலர் விற்பனை ஒப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வருகின்றனர். முன்பணம் கொடுத்தாயிற்று. மூன்று மாதத்துக்குள் எஞ்சிய தொகையைச் செலுத்திப் பதிவு செய்துகொள்ளாவிட்டால் அந்த முன்பணம் திரும்பாது என்று எழுதிக் கையொப்பமும் இட்டாயிற்று. அதன்பிறகே வங்கி நினைவுக்கு வருகிறது. அவர்கள் முதலில் கேட்பது வட்டி விகிதத்தை. அடுத்துக் கேட்பது எத்தனை நாளில் பணம் கிடைக்கும் என்பதை. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் அந்த மேசையில் உண்மையில் முடிவு செய்யப்படுபவை வேறு. விண்ணப்பதாரரின் கடந்த சில ஆண்டுகள் அங்கே ஆராயப்படுகின்றன. பணத்தை எப்பாடுபட்டாவது கடைசி மாதத்தில் திரட்டிவிடலாம். கடந்த காலத்தைக் கடைசி மாதத்தில் யாரும் திரட்ட முடியாது.

ஆகவே வீடு வாங்கும் எண்ணம் உள்ளோர் முன்பணம் கொடுத்தபின் வருவதைவிட, மூன்று அல்லது ஐந்து ஆண்டு முன்னதாக, எந்த விண்ணப்பமும் இன்றி வங்கிக்கு வரவேண்டும் என்பது எம் கருத்து. கடன் கொடுத்து வட்டி ஈட்டுவதைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம் ‘பொறுத்து வாங்குங்கள்’ என்று சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திணறித் திணறிக் கட்டப்படும் கடனால் வாடிக்கையாளருக்கும் நிம்மதியில்லை, வங்கிக்கும் நிம்மதியில்லை என்பதே அதற்கான எளிய விளக்கம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கணவன், மனைவி இருவருமாக மாதம் 90,000 ரூபாய் ஈட்டும் குடும்பம். வாடகை 12,000 ரூபாய். தமிழ்நாட்டில் 50 லட்சம் ரூபாய் விலையில், பிறர் குடியிருந்த ஒரு வீட்டை வாங்க விரும்புகின்றனர் எனக் கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் ரூபாய்க்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 30 லட்சம் வரையிலான சிறிய கடனுக்கு இந்த வரம்பு 90 சதவீதம். 75 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 75 சதவீதம். எனவே இக்குடும்பத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கக்கூடியது 40 லட்சம். எஞ்சிய 10 லட்சம் கையிலிருந்து வரவேண்டும்.

அத்துடன் முடிந்துவிடுவதில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டில் இத்தகைய வீட்டுக்கு முறையே 7 சதவீதமும் 2 சதவீதமுமாக, அதாவது நான்கரை லட்சம் ரூபாய் ஆகும். கடன் தொகையைக் கணக்கிடும்போது இச்செலவை வீட்டின் மதிப்போடு சேர்க்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆக, 14.5 லட்சம். பத்திரம் எழுதும் செலவு, வழக்குரைஞர் கட்டணம், மின் இணைப்பைப் பெயர் மாற்றுவது, வெள்ளை அடிப்பது, பால் காய்ச்சும் நாளின் விருந்து என அதற்குமேலும் நீளும். ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று முன்னோர் சொல்லி வைத்தது, மதிப்பீட்டைக் கடந்து ஓடும் இந்தச் சில்லறைச் செலவுகளை அனுபவித்துத்தான் போலும்.

இந்தப் பதினைந்து லட்சம் இல்லாதபோது பலர் கையாளும் வழிதான் எமக்குக் கவலை தருகிறது. தனிநபர் கடன் ஒன்றை வாங்கி முன்பணம் செலுத்துகின்றனர். போதாததற்கு நகையையும் அடகு வைக்கின்றனர். வீட்டுக்கடனைவிடத் தனிநபர் கடனுக்கு வட்டி கூடுதல், காலமோ குறைவு, ஆகவே தவணை பெரிது. அத்தவணை வங்கியின் கணக்கில் ஏறியதும், அவர்களுக்குத் தரக்கூடிய வீட்டுக்கடன் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பள்ளத்தை நிரப்பப் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் தோண்டியதைப் போன்றது இது. நண்பர் ஒருவர் ‘ஆறு மாதத்தில் அடைத்துவிடலாம்’ என்று சொல்லியிருப்பார். புதிய வீட்டின் முதல் ஆறு மாதம் எத்தகையது என்பதைக் குடிபுகுந்தோர் அறிவர்.

இதற்கு மாற்றாக நாம் பரிந்துரைப்பது ஓர் ஒத்திகை. 40 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில், 20 ஆண்டுக் காலத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய். இக்குடும்பம் இப்போது கொடுக்கும் வாடகை 12,000. இடைப்பட்ட 22,700 ரூபாயை இம்மாதம் முதலே ஒரு தொடர் வைப்புக் கணக்கில், சம்பளம் வந்த மறுநாளே, தவணை கட்டுவதைப் போலக் கட்டி வரட்டும். எஞ்சியதில் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும். பள்ளிக் கட்டணம் வரும் ஜூன் மாதத்திலும், தீபாவளி வரும் மாதத்திலும், தாய்மாமன் சீர் செய்யவேண்டிய மாதத்திலும் அத்தொகை தவறாமல் செல்கிறதா என்று கவனிக்கட்டும். 6.5 சதவீத வட்டி எனக் கொண்டால், வரிக்கு முன், மூன்றாண்டில் சுமார் 9 லட்சமும் ஐந்தாண்டில் சுமார் 16 லட்சமும் சேர்ந்திருக்கும். மேலே சொன்ன பதினைந்து லட்சம் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதைவிட மேலான பயன் ஒன்று உண்டு. இத்தவணையைத் தம்மால் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு அவர்கள் ஊகத்தால் விடை சொல்லவேண்டியதில்லை. மூன்றாம் மாதமே மூச்சுத் திணறினால், 40 லட்சம் அவர்களுக்கு ஏற்ற கடனன்று என்பது எவ்வித இழப்புமின்றித் தெரிந்துவிடும். வைப்பைக் குறைத்துக்கொண்டு சிறிய வீட்டைத் தேடலாம்.

‘அதற்குள் வீட்டு விலை ஏறிவிடாதா?’ என்று கேட்பர். ஏறலாம், சில இடங்களில் ஏறாமலும் இருக்கலாம். ‘வாடகை கொடுப்பது வீண்’ என்பது இதனோடு ஒட்டிப் பிறந்த வாதம். இதை நாம் முழுமையாக ஏற்பதில்லை. மேற்சொன்ன கடனின் முதல் தவணையான 34,700 ரூபாயில் 28,300 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 6,400 ரூபாய்க்கும் குறைவு. வாடகை திரும்பாத பணம் என்றால் அந்த வட்டியும் திரும்பாத பணமே. சொந்த வீடு தரும் மனநிறைவுக்கும் பாதுகாப்புக்கும் விலையுண்டு என்பதை மறுக்கவில்லை. அதற்காக வாடகை வீட்டில் கழியும் ஐந்து ஆண்டை இழப்பாகக் கருதி அவசரப்படவேண்டியதில்லை என்கிறோம். தவணையைக் குறைக்கக் கடன் காலத்தை 30 ஆண்டாக நீட்டுவதும் அவசரத்தின் விளைவே. அப்போது மாதம் 4,000 ரூபாய் குறையும். மொத்த வட்டியோ 43 லட்சத்திலிருந்து 70 லட்சத்தைத் தாண்டிவிடும்.

வட்டி நிலையாக நிற்பதில்லை என்பதையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்வது நல்லது. 2019 அக்டோபர் முதல், மாறும் வட்டியிலான புதிய வீட்டுக்கடன்களை வங்கிகள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்து வருகின்றன. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக உயர்ந்தது. 20 ஆண்டுக் கால 40 லட்சம் ரூபாய்க் கடனை 6.75 சதவீதத்தில் கணக்கிட்டால் தவணை 30,400 ரூபாய், 9.25 சதவீதத்தில் கணக்கிட்டால் 36,600 ரூபாய். வருமானத்தின் விளிம்பு வரை கடன் வாங்கியோருக்கு இந்த 6,200 ரூபாய் பெருஞ்சுமை. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து, கைக்கு வரும் வருமானத்தில் 40 சதவீதத்தைக் கடக்காதிருப்பது நலம் என நாம் சொல்வது இதனால்தான். வங்கி அதைவிடக் கூடுதலாகவும் தர முன்வரக்கூடும். தருவதனைத்தையும் வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை.

இனி, பணத்தால் வாங்க முடியாதவற்றுக்கு வருவோம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் வழங்கும் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். இத்தகைய நிறுவனங்கள் நாட்டில் நான்கு உள்ளன. ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறும் உரிமை நமக்கு உண்டு. வீட்டுக்கடன் மறுக்கப்பட்ட பின்னரே பலர் முதன்முறையாக இந்த அறிக்கையைப் பார்க்கின்றனர். எப்போதோ மறந்துபோன கடன் அட்டையின் ஆண்டுக் கட்டணம், கைப்பேசி வாங்கியபோது விட்டுப்போன கடைசித் தவணை, முழுத் தொகையைக் கட்டாமல் பேசி முடித்துக்கொண்ட பழைய கடன் ஆகியவை அங்கே வரிசையாக நிற்கும். மைத்துனருக்காகவோ சக ஊழியருக்காகவோ இட்ட ஜாமீன் கையொப்பமும் அதில் தோன்றும். அவர் தவணை தவறினால் அக்கறை நமது பெயரிலும் படியும். ‘கையெழுத்துத்தானே’ என்று இரக்கத்தோடு இடப்படும் அந்த ஜாமீன் குறித்து, வீடு வாங்கும் எண்ணமுடையோர் இரண்டு முறை யோசிப்பதில் தவறில்லை. அறிக்கையில் பிழை இருப்பின் திருத்தக் கோரலாம். 30 நாள்களுக்குள் தீர்வு காணாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறவும் விதி உள்ளது. ஆயினும் பிழை நீங்க 30 நாள் போதும். உண்மையான தவறுகளின் சுவடு மங்கவோ ஆண்டுகள் ஆகும்.

வாழ்நாளில் கடனே வாங்கியதில்லை என்று பெருமையோடு சொல்வோரும் வருகின்றனர். அந்தப் பெருமை நியாயமானதே. வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறைக் கடனாளியின் மனுவை மறுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கியும் அறிவுறுத்தியுள்ளது. எனினும் அத்தகையோரைப் பற்றி வங்கி அறிந்துகொள்ள வேறேதேனும் வேண்டுமல்லவா? மூன்று ஆண்டு பிசகாமல் ஓடிய தொடர் வைப்பு அவர்களுக்காகப் பேசும்.

சொந்தத் தொழில் செய்வோரின் நிலை இன்னும் நுட்பமானது. மளிகைக் கடை, லாரி, தையலகம், உணவகம் என நல்ல வருமானம் ஈட்டும் பலர், வருமான வரிக் கணக்கில் அதன் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகின்றனர். சிலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. கடன் கேட்கும்போது கல்லாப்பெட்டியின் கனத்தைச் சொல்கின்றனர். வங்கியால் தாளில் உள்ளதைக் கொண்டே முடிவெடுக்க இயலும். பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுக் கணக்குகள் கேட்கப்படும். விடுபட்ட ஆண்டுகளுக்குக் கூடுதல் வரியோடு பின்னர் தாக்கல் செய்ய வழியுண்டு. ஆனால் மூன்று ஆண்டுக் கணக்கும் ஒரே வாரத்தில் தாக்கல் ஆகியிருப்பதை எந்தக் கடன் அதிகாரியும் கவனிக்காமல் விடமாட்டார். 2029 இல் வீடு வாங்க எண்ணும் வணிகர், இவ்வாண்டின் கணக்கை உள்ளபடி தாக்கல் செய்வதிலிருந்து தொடங்கவேண்டும். சேமித்த வரியையும் இழந்த வீட்டையும் எடைபோட்டுப் பார்ப்பது அவரது பொறுப்பு.

வீட்டின் ஆவணங்களை ஆராய்வதும் முன்பணத்துக்கு முன்னரே நடக்கவேண்டியது. தாய்ப்பத்திரம், பொதுவாக 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றின் நகலைத் தரத் தயங்கும் விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்க அவசரம் ஏன்? புதிய அடுக்ககமாயின் ரெரா பதிவு எண்ணைக் கேட்டுப் பெறலாம். 2016 ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் பெறக் கூடாது.

கடைசியாக ஒன்று, சிறியதாகத் தோன்றினும் தமிழ் வாடிக்கையாளர்களை விசேஷமாக வாட்டுவது. இனிஷியல் என நாம் வழங்கும் தலைப்பெழுத்தைச் சொல்கிறோம். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும்; ஆதாரில் பின்னால் நிற்கும்; நிரந்தரக் கணக்கு எண் அட்டையிலோ அது தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். திருமணத்துக்குப் பின் மனைவியின் வங்கிக் கணக்கில் கணவரின் எழுத்தும், பட்டப்படிப்புச் சான்றில் தந்தையின் எழுத்தும் இருக்கும். நமக்கு இவை அனைத்தும் ஒரே ஆள். கணினிக்கு அப்படியில்லை. கடன் தகவல் அறிக்கையில் வேறொருவரின் கடன் கலந்துவிடுவதற்கும், பதிவு நாளன்று பத்திரத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒவ்வாமல் போவதற்கும் இந்த ஓர் எழுத்தே காரணமாகிவிடுகிறது. திருத்தம் ஒவ்வோர் அலுவலகத்திலும் தனித்தனியே செய்யப்படவேண்டும்; ஓர் ஆவணத்தைத் திருத்த மற்றொன்று சான்றாகத் தேவைப்படும்; பெயரே மாறுபட்டிருந்தால் அரசிதழ் வரை செல்லவேண்டி வரலாம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் கடன் பெறுவதாயின் வேலை இருமடங்கு. வீட்டைத் தேடத் தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரின் அட்டைகளையும் சான்றிதழ்களையும் மேசைமேல் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். இதற்குப் பணமும் தேவையில்லை, வங்கியும் தேவையில்லை.